நீலப் பம்ப்பை மட்டும் நம்பாதீர்! ‘லேசான இழுப்பு’ம் ஆளை விழுங்கும்

சேலம்:

நள்ளிரவு தாண்டி 2 மணி. ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவு வாசல். வெட்டுக்குத்து கேஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன். போலீஸ் செய்தி எழுதுகிறவனுக்கு அதுதானே வேலை!

ஆட்டோ ஒன்று சர்ரென்று வந்து நின்றது. ஒரு வாலிபரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். உடம்பில் காயம் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் ஆள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்!

இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "பேர் என்னப்பா?" என்று நர்ஸ் கேட்டார். பாதிப் பேரைச் சொல்லி நிறுத்தினார். ஒரு மூச்சு இழுத்து, மீதிப் பேரைச் சொன்னார்.

அம்மாப்பேட்டை பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். வயது 22. கூட வந்த தாயார் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பையனுக்கு லேசான இழுப்புதானுங்க தம்பி. எப்பவும் பம்ப் அடிச்சா சரியாப் போயிரும். இன்னைக்குத்தான் கேக்கவே மாட்டேங்குது..."

சட்டைப் பையில் அந்த நீல நிறப் பம்ப் இருந்தது. அமுக்கிப் பார்த்தேன். வெறும் காற்று. காலி!

ஆக்சிஜன் வைத்தார்கள். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். விடியற்காலை 5 மணிக்கு அந்த வாலிபர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டீ கேட்டார். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தாயார் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் மண்டையைக் குடைந்தது. ‘லேசான இழுப்பு’!

லேசு என்று யார் சொன்னது? எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

பாதிக்கு மேல் ‘லேசு’ பேர்வழிகள்

விசாரித்ததில் கிடைத்த தகவல் திடுக்கிட வைத்தது.

பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் கேஸ் கட்டுகளை டாக்டர்கள் குழு ஒன்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு கொலை வழக்கைத் துருவுகிற மாதிரி 195 சாவுகளைத் துருவினார்கள். அறிக்கை 2014-ல் வெளிவந்தது.

நோயின் கடுமை எழுதி வைக்கப்பட்டிருந்தவர்களில் 100-க்கு 58 பேருக்கு ‘லேசான’ அல்லது ‘நடுத்தர’ ஆஸ்துமா என்றுதான் எழுதியிருந்தது! கடுமையான நோயாளிகள்தான் சாவார்கள் என்ற எண்ணம் அங்கேயே தவிடுபொடி.

100-க்கு 45 பேர் உதவி கேட்காமலோ, அவசர சிகிச்சை கிடைக்கும் முன்போ உயிரை விட்டிருந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. உடனடி நிவாரணப் பம்ப் வைத்திருந்தவர்களில் 100-க்கு 39 பேர் ஒரே வருஷத்தில் 12 பம்ப்புக்கு மேல் வாங்கியிருந்தார்கள். அதாவது மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல். மருந்து கையில் இல்லாமல் அவர்கள் சாகவில்லை. உடனடி நிவாரண மருந்தை அளவுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு செத்தார்கள்!

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேர் என்று உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது.

ஒரே புயலில் 10 பேர் பலி!

2016 நவம்பர் 21. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். நல்ல வெயில் அடித்த நாள். சாயந்திரம் இடியோடு காற்று கிளம்பியது. புல்வெளிகளில் இருந்த மகரந்தத் தூளை வாரி மேலே கொண்டுபோய், பொடியாக்கி, ஊர் முழுக்க இறக்கியது.

அடுத்த 30 மணி நேரத்தில் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடி வந்தவர்கள், வழக்கத்தைவிட 3,365 பேர் அதிகம். ஆம்புலன்ஸ் போதவில்லை. 10 பேர் பரிதாபமாக இறந்தார்கள். அந்தப் 10 பேரில் 6 பேர் ஆசிய அல்லது இந்திய வம்சாவளியினர்! ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் மற்ற வருஷங்களைவிட மிக அதிகம்.

ஓடி வந்தவர்களிடம் பிற்பாடு விசாரித்தார்கள். "உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறது" என்று டாக்டர் சொல்லி, நோயும் நடப்பில் இருந்தவர்கள் 100-க்கு 28 பேர்தான். மற்றவர்களில் பலர் தும்மல், மூக்கொழுகல் என்று சும்மா இருந்தவர்கள்.

நம்ம ஊரில் அந்தப் புல் புயல் கிடையாது. ஆனால் தீபாவளி ராத்திரி உண்டு. போகிப் புகை உண்டு. தறிப் பஞ்சு உண்டு.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

மூச்சுக் குழாயின் உள்சுவர் புண்ணாகி வீங்கிக் கிடப்பதுதான் ஆஸ்துமா. இழுப்பு இல்லாத நாளிலும் அந்த வீக்கம் இருக்கும். தூசியோ, புகையோ, சளிக்காய்ச்சலோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். சளி அடைக்கும். விசில் சத்தம் கேட்கும்.

நீலப் பம்ப்பில் இருப்பது சால்புட்டமால். 1969-ல் விற்பனைக்கு வந்த மருந்து. இறுகிய தசையை 5 நிமிஷத்தில் தளர்த்தும். நாலைந்து மணி நேரம் தாங்கும். நல்ல மருந்துதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீக்கத்தை அது தொடாது!

குகையில் சாக்கடை அடைத்துக்கொண்டால் குச்சியால் ஒரு குத்து குத்தி விடுகிறோமே, அது மாதிரி. அப்போதைக்குத் தண்ணீர் போகும். அடியில் மண் சேர்ந்துகொண்டே இருக்கும். (அந்தச் சாக்கடை பற்றி நான் எழுதி எத்தனை நாளாச்சு! சரி, அது வேறு செய்தி.)

வீக்கத்தைக் குறைப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு. இந்த மருந்து பம்ப்பாக வந்தது 1972-ல்.

அதே 1972 டிசம்பரில்தான் ராஜாஜி காலமானார். சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், 1917-ல் நம் நகரசபைத் தலைவராக உட்கார்ந்தவர், 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். அவரும் ஆஸ்துமாக்காரர்! பம்ப் இல்லாத காலத்தில் அந்த இழுப்போடு மல்லாடி 94 வயது வரை இருந்தார். எல்லோருக்கும் அந்த ஆயுள் ரேகை இருக்காது.

ஸ்டீராய்டா? ஐயோ!

இந்தப் பேரைக் கேட்டாலே ஜனங்கள் பயப்படுகிறார்கள். "உடம்பு ஊதிப்போகும், எலும்பு போயிரும், பழகிட்டா விட முடியாது" என்று டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். இழுப்பு முற்றினால் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லி கிராம் வரை போகும். உறிஞ்சும் பம்ப்பில் ஒரு இழுப்புக்குச் சுமார் 200 மைக்ரோ கிராம். ஒரு மில்லி கிராமுக்கு 1,000 மைக்ரோ கிராம். ஆக, ஒரு நாள் மாத்திரையின் எடையில் 200 இழுப்பு அடங்கும்! மருந்தின் வீரியம் வகைக்கு வகை மாறும் என்றாலும், இது எவ்வளவு துளி என்று தெரியவேண்டும். அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், பம்ப்புக்குப் பயப்படுகிற இதே ஆட்கள்தான் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் "மூச்சு மாத்திரை கொடுங்க" என்று வாங்கி விழுங்குகிறார்கள். அந்தப் பொட்டலத்தில் பல நேரம் ஸ்டீராய்டுதான் இருக்கிறது. சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் இப்படி விழுங்குவதில்தான்.

பம்ப்பால் தொண்டை கட்டலாம், வாயில் வெள்ளை படியலாம். உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது.

4 கேள்வி

சரி, கடுமையை எப்படி அளப்பது? உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ‘ஜினா’ என்ற அமைப்பு 1993-ல் தொடங்கியது. அது டாக்டர்களைக் கேட்கச் சொல்லும் கேள்விகள் நாலே நாலு. கடந்த 4 வாரத்தை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

பகலில் இழுப்போ இருமலோ வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் வந்ததா?

இழுப்பால் ஒரு ராத்திரியாவது தூக்கம் கெட்டதா?

நீலப் பம்ப் வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் தேவைப்பட்டதா?

வேலை, விளையாட்டு, மாடிப்படி எதையாவது இழுப்புக்குப் பயந்து குறைத்துக்கொண்டீர்களா?

நாலுக்கும் ‘இல்லை’ என்றால் நோய் கட்டுக்குள். ஒன்றோ இரண்டோ ‘ஆமாம்’ என்றால் அரைகுறை. மூன்று, நாலு என்றால் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது!

நாலாவது கேள்வியில்தான் நம் ஆட்கள் வழுக்குகிறார்கள். ஏழெட்டு வருஷமாக மாடி ஏறுவதையே விட்டிருப்பார். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்பார். பள்ளிக்கூட மாணவர் பி.டி. பீரியடில் வயிற்றுவலி என்று உட்கார்ந்துகொள்வார். பம்ப்பைப் பையின் அடியில் ஒளித்து வைப்பார்.

அந்தத் தறி வாலிபரை நாலு நாள் கழித்துப் பார்த்து இதையே கேட்டேன். நாலுக்கும் ‘ஆமாம்’! வாரத்தில் மூன்று ராத்திரி எழுந்து உட்காருகிறாராம். மாதம் ஒரு நீலப் பம்ப். ஒரு பம்ப்பில் 200 அமுக்கு. இதுதான் வீட்டில் ‘லேசு’ என்று பேர் வாங்கியிருந்தது.

வருஷத்துக்கு 3 நீலப் பம்ப் தாண்டினாலே அடுத்த பெரிய இழுப்புக்கு மணி அடிக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒன்று என்றால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கேள்விகளோடு வேறு சிலதையும் டாக்டர் கேட்பார். எப்போதாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது உண்டா? போன வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை தடவை? பீடி, சிகரெட்? ஒரு தடவை சாவு வாசல் வரை போய் வந்தவருக்கு, இப்போது இழுப்பே இல்லை என்றாலும், ‘லேசு’ கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை எப்படி?

நம் சீமைக்கு என்றே ஒரு கேள்வி இருக்கிறது. "லீவு நாளில் மூச்சு நல்லா இருக்குதா?"

ஆமாம் என்றால் சந்தேகம் பட்டறை மேல் திரும்பவேண்டும். அம்மாப்பேட்டை, இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகளில் பஞ்சுத் தூசி. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தீவனத் தூளும் இறகுத் தூளும் எச்சத்தின் நெடியும். செவ்வாய்பேட்டை மண்டிகளில் மிளகாய் நெடி. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற புகை.

இதில் அதிகம் பேர் அறியாத ஒன்று, லாரி பாடி கட்டும் இடங்களில் அடிக்கிற ஸ்பிரே பெயின்ட். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயின்டில் ‘ஐசோசயனேட்’ என்ற ரசாயனம் இருக்கும். நேற்று வரை நன்றாக இருந்தவருக்கும் புதிதாக ஆஸ்துமாவை உண்டாக்கும் என்று உலகம் முழுக்க அறியப்பட்ட சரக்கு இது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் நிற்காது. அந்த வேலையிலிருந்து சீக்கிரம் விலகினால் தேற வாய்ப்பு அதிகம். சொல்வது சுலபம். சம்பளத்தை யார் கொடுப்பது?

இன்னொரு எச்சரிக்கை. மூச்சுத் திணறுவதெல்லாம் ஆஸ்துமா இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் டி.பி.க்குச் சளிப் பரிசோதனை. நெடுநாள் பீடி குடித்தவர்களுக்கும், விறகு அடுப்பில் வெந்த பெண்களுக்கும் வருவது வேறு நோயாக இருக்கலாம்.

அதை உறுதி செய்வது ஊதும் சோதனை. குழாயில் ஒரே மூச்சாக ஊத வேண்டும். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று மிஷின் காட்டும். பிறகு மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். 100-க்கு 12 பங்காவது கூடி, 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்குப் பலத்த சாட்சி. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 1986 முதல் இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஊதிப் பார்க்காமலே 10 வருஷம் மாத்திரை விழுங்குகிறவர்கள் ஒரு நடை அங்கே நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போகலாம்.

2019-ல் விழுந்த குண்டு

50 வருஷமாக டாக்டர்கள் ‘லேசான ஆஸ்துமாவுக்கு நீலப் பம்ப் மட்டும் போதும்’ என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். 2019-ல் ஜினா அதை மாற்றியது. 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் இனி நீலப் பம்ப் மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது!

ஏன்? கனடாவில் நடந்த ஆராய்ச்சி 2000-ல் வெளிவந்தது. ஒரு வருஷத்தில் உறிஞ்சும் ஸ்டீராய்டு பம்ப் ஒன்று கூடுதலாக வாங்க வாங்க, ஆஸ்துமாச் சாவு ஒவ்வொரு பம்ப்புக்கும் 100-க்கு 21 வீதம் குறைந்தது. 2018-ல் இன்னொன்று. லேசான ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுக்கும்போது மட்டும் கலப்புப் பம்ப் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் நிவாரணப் பம்ப் எடுத்தவர்களைவிட அவர்களுக்குப் பெரிய இழுப்பு 100-க்கு 64 பங்கு குறைவு!

கலப்புப் பம்ப் என்றால் ஒரே டப்பாவில் இரண்டு மருந்து. ஃபார்மோட்டிரால் உடனே தசையைத் தளர்த்தும். பியூடிசொனைடு என்ற ஸ்டீராய்டு வீக்கத்தை ஆற்றும்.

தொடங்குவது இப்படி. வாரத்தில் ஓரிரு நாள்தான் தொந்தரவு என்றால், இழுக்கும்போது மட்டும் கலப்புப் பம்ப். பெரும்பாலான நாளும் தொந்தரவு, அல்லது வாரம் ஒரு ராத்திரி தூக்கம் போகிறது என்றால், தினமும் எடுக்கவேண்டும், இழுத்தால் அதே பம்ப்பைக் கூடுதலாகவும் எடுக்கலாம். ஊதும் சோதனையிலும் மூச்சு குறைந்திருந்தால் அளவைக் கூட்டித் தொடங்குவார்கள். சில நாளைக்கு மாத்திரையும் சேரலாம்.

கலப்புப் பம்ப் எல்லாம் ஒன்றல்ல, ஜாக்கிரதை! சால்மெட்டிரால் கலந்தது இழுக்கும்போது அவசரத்துக்கு அடிக்கிற மருந்து இல்லை. நிறத்தைப் பார்த்து வாங்காமல் பேரைப் படித்து வாங்குங்கள். பியூடிசொனைடும் ஃபார்மோட்டிராலும் சேர்ந்த பம்ப், மத்திய அரசின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நீலப் பம்ப்பைவிட விலை கூடுதல்தான். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி காட்டவேண்டும். அடங்கவில்லை என்றால், மருந்தைக் கூட்டும் முன் டாக்டர் பார்ப்பது பம்ப் பிடிக்கிற லட்சணத்தை! நன்றாக அடங்கி மூன்று மாதம் போனால் மருந்தைக் குறைப்பார்கள். எவ்வளவு குறைந்த மருந்தில் ஆள் நன்றாக இருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் அது லேசா, நடுத்தரமா, கடுமையா என்று முத்திரை குத்த முடியும். முதல் நாளே குத்துகிற முத்திரை செல்லாது. தாயார் குத்தினாலும் சரி, டாக்டரே குத்தினாலும் சரி.

மாத்திரையா, உறிஞ்சுவதா?

உறிஞ்சும் கருவியில் போட வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு "ஒண்ணும் கேக்கலீங்களே" என்று வந்து நிற்பவர்கள் உண்டு என்று ஒரு கம்பவுண்டர் சொன்னார். சிரிப்பு வந்தது. விளக்கிச் சொல்லாதது யார் குற்றம் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது.

பம்ப்பைக் குலுக்கு. மூச்சை முழுக்க வெளியே விடு. உதட்டால் கவ்வி, மெதுவாக உறிஞ்சும்போதே ஒரு அமுக்கு. 10 எண்ணும் வரை அடக்கு. இதில் கை தவறுகிறவர்களுக்கு ‘ஸ்பேசர்’ என்ற பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. கேப்சூல் கருவிக்கு நேர்மாறு. வேகமாக, ஆழமாக உறிஞ்சவேண்டும்.

தூதுவளை ரசம் வையுங்கள், ஆடாதொடை காய்ச்சுங்கள். மிருகசீரிஷத்துக்கு ஐதராபாத் போய் மீன் விழுங்குகிறவர்களும் விழுங்கட்டும். பம்ப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கர்ப்பிணிகளும் தாங்களாக நிறுத்தக்கூடாது. இழுப்பில் மூச்சு முட்டுவதுதான் குழந்தைக்கு ஆபத்து.

ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆள் அசந்து போகிறார், பம்ப் அடித்தும் கேட்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108. படுக்கப் போடாமல் உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாக நீலப் பம்ப்பை ஒவ்வொன்றாக 10 அமுக்கு வரை கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தத் தறி வாலிபரைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். ஊதும் சோதனை முடிந்து, காலை இரண்டு, ராத்திரி இரண்டு என்று கலப்புப் பம்ப். மூன்று வாரமாக ராத்திரி எழுந்திருக்கவில்லையாம். முதலாளி அவரைத் தறியிலிருந்து துணி மடிக்கிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார். கூலி கொஞ்சம் குறைவு.

"எத்தனை நாளைக்குங்க இதைப் போடோணும்?" என்று தாயார் கேட்டார். மூன்று மாதத்தில் வந்து காட்டச் சொல்லித் தேதி எழுதியிருந்த சீட்டைக் காட்டினேன். மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

போட்டோ எடுக்கலாமா என்றேன். வாலிபர் பதறிவிட்டார்.

"போட்டோவும் வேண்டாம், பேரும் வேண்டாங்கண்ணா. தை மாசம் பொண்ணு பாக்கறாங்க. பம்ப் விஷயம் அவங்களுக்கு இன்னும் சொல்லலை."